கசம் மேடேறும் இடம்

மூன்று குளிர்காலம் மீனே இல்லாத தண்ணீரில் தூண்டில் போட்டிருக்கிறேன். இன்று அதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறேன். அன்று சிரிப்பு வரவில்லை. சியாட்டிலுக்குக் கிழக்கே ஸ்கைகோமிஷ் ஆற்றங்கரையில் விடியுமுன்னே போய் நிற்பேன். விரல் மரத்துப்போகும்வரை எறிவேன். ஜனவரியில் மாலை நாலரை தாண்டினாலே இருட்டத் தொடங்கிவிடும். வெறுங்கையோடு வீடு திரும்புவேன். ஸ்டீல்ஹெட் என்றால் ஆயிரம் எறிக்கு ஒரு மீன் என்று இங்கே எல்லாரும் சொல்வார்கள். அதையே நானும் வீட்டில் சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தேன். ஆயிரத்தில் தொள்ளாயிரத்தைத் தப்பான தண்ணீரில் எறிந்திருக்கிறேன் என்பது ஒரு ஜனவரி சனிக்கிழமைதான் எனக்குப் புரிந்தது.

அன்று என்னை அழைத்துக்கொண்டு போனவர் தூத்துக்குடிக்காரர். இந்த வாஷிங்டன் மாநிலத்துக்கு வந்து இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாகிறது. வேலையில் எனக்கு மூத்தவர், ஆனால் யாரும் அவரை ‘சார்’ என்பதில்லை, அண்ணாச்சிதான். கடல் மீனைத் தவிர வேறெதையும் மீன் என்று ஒப்புக்கொள்ளாத வீட்டில் பிறந்தவர். நான் தாமிரபரணிக் கரை, ஸ்ரீவைகுண்டம் பக்கம். கெளுத்தியும் கெண்டையும் விராலும் பிடித்து வளர்ந்தவன். கடலிலும் வாழும், ஆற்றிலும் வாழும் ஸ்டீல்ஹெட் எங்கள் இருவர் சண்டைக்கும் பொதுவாக வந்து சேர்ந்தது.

மீனைப் பற்றி நாலு வரி சொல்லிவிடுகிறேன். ஸ்டீல்ஹெட்டும் ரெயின்போ ட்ரவுட்டும் ஒரே இனம்தான். ஆற்றிலேயே தங்கிவிட்டால் அது ட்ரவுட். ஒன்றிரண்டு வருஷம் ஆற்றில் வளர்ந்து, கடலுக்குப் போய் இரண்டு மூன்று வருஷம் தின்று கொழுத்து, முட்டையிடப் பிறந்த ஆற்றுக்கே திரும்பினால் அது ஸ்டீல்ஹெட். பசிபிக் சால்மன் முட்டையிட்டதும் செத்துப்போகும். இதில் சில மீன்கள் பிழைத்துக் கடலுக்குத் திரும்பி, மறுபடியும் ஆறேறி வரும். 1969-இல் இதை வாஷிங்டன் தன் மாநில மீனாக அறிவித்தது. 2007-இல் பியூஜெட் சவுண்ட் பகுதியின் ஸ்டீல்ஹெட், அழியும் அபாயத்திலுள்ளவற்றின் கூட்டாட்சிப் பட்டியலில் சேர்ந்தது. இரண்டும் ஒரே மீன் என்பதை நினைத்தால் கொஞ்சம் சங்கடம்தான்.

ஆற்றில் இரண்டு வகை வரும். ஒன்று காட்டு மீன், ஆற்றிலேயே பிறந்தது. இன்னொன்று ஹேச்சரி மீன், குஞ்சு பொரிக்கும் பண்ணையில் பிறந்தது. ஹேச்சரிக் குஞ்சை ஆற்றில் விடுமுன், முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவில் இருக்கும் சின்னக் கொழுப்புத் துடுப்பை வெட்டிவிடுவார்கள். அந்த இடம் வழவழவென்று ஆறிய தழும்பாக இருந்தால் வீட்டுக்குக் கொண்டுபோகலாம். துடுப்பு இருந்தால் காட்டு மீன், விட்டுவிட வேண்டும். கட்டைவிரல் நகமளவுகூட இராது அந்தத் துடுப்பு. சட்டம் முழுக்க அதன்மேல்தான் நிற்கிறது.

இனி அந்தச் சனிக்கிழமை. உண்மையில் அது செவ்வாய்க்கிழமையே தொடங்கிவிட்டது.

பாபநாசம் அணை இத்தனை அடி, மணிமுத்தாறு இத்தனை அடி என்று ரேடியோவில் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அதனால் அண்ணாச்சி ஆற்று அளவு பார்க்கச் சொன்னபோது எனக்கு அது புதிதாகப் படவில்லை, ஊர்ப் பழக்கமாகவே இருந்தது. கோல்ட் பார் ஊருக்கு அருகே ஸ்கைகோமிஷில் அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையின் அளவுமானி இருக்கிறது. ஆற்றில் வினாடிக்கு எத்தனை கன அடி ஓடுகிறது என்று நாள் முழுக்கப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். மழை பெய்து, மலைப்பனியும் உருகி, செவ்வாயன்று 14,000 வரை போயிருந்தது. புதனன்று 9,000. வெள்ளி இரவு 3,200. அண்ணாச்சி ஃபோன் செய்தார்: “தம்பி, ஏறுற தண்ணிக்குப் போவாத. இறங்குற தண்ணிக்குப் போ. நாளைக்கு ஆறு மணிக்கு வாசல்ல நிக்கேன்.”

நான் மூன்று வருஷமாகச் செய்தது என்ன? சனிக்கிழமை என்பதால் போனேன். ஆறு என்ன நிலையில் இருக்கிறது என்று கேட்டதே இல்லை. ஏறும் வெள்ளத்தில் தண்ணீர் காப்பி நிறமாகிவிடும், மீன் கரையோரம் ஒண்டிக்கொள்ளும், எறிந்த தூண்டிலில் குப்பைதான் மாட்டும். வெள்ளம் வடிந்து, அடித்தரை இரண்டு மூன்று அடிவரை மங்கலாகத் தெரிகிற பச்சை நிறத்துக்கு வரும்போதுதான் நேரம். இங்கத்திக்காரர்கள் அந்தப் பச்சைக்கு மீனின் பெயரையே வைத்திருக்கிறார்கள். அண்ணாச்சி ‘பாசிப் பச்சை’ என்பார். மழையே இல்லாமல் பல நாள் போய், தண்ணீர் கண்ணாடியாகி வற்றிவிட்டாலும் சிரமம்தான், மீன் நம் நிழலைப் பார்த்தே விலகிவிடும். 2,000 முதல் 4,500 கன அடி வரை இறங்கி நிற்கலாம் என்பது ஸ்கைகோமிஷுக்கு என் கணக்கு. வேறு ஆற்றுக்கு வேறு எண். ஒவ்வொரு முறை போய்வந்ததும் அன்றைய அளவையும் தண்ணீர் நிறத்தையும் ஒரு நோட்டில் எழுதிவைத்தால் இரண்டு வருஷத்தில் உங்கள் கணக்கு உங்களிடம் இருக்கும்.

வெள்ளி இரவே அண்ணாச்சி செய்யச் சொன்ன இன்னொன்று, மாநில மீன்துறையின் விதியைப் பார்ப்பது. குளிர்கால ஸ்டீல்ஹெட் விதிகள் நடுப் பருவத்திலேயே மாறும். ஹேச்சரிக்குத் திரும்பும் மீன் குறைந்தால் அவசர அறிவிப்பில் ஆற்றை மூடிவிடுவார்கள். முள்ளும் ஈயமும் எப்படிக் கட்டலாம், இரை போடலாமா என்பதுகூடப் பாலத்துக்குப் பாலம் மாறும். ‘போன வருஷம் திறந்திருந்தது’ என்பது மீன்துறைக் காவலரிடம் எடுபடாத பேச்சு.

காலை ஆறு மணிக்கு வெளியே மைனஸ் 2 டிகிரி. இரண்டாம் எண் நெடுஞ்சாலையில் மன்ரோ, சுல்தான், ஸ்டார்ட்டப் என்று வரிசையாகச் சின்ன ஊர்கள் இருட்டில் கடந்துபோயின. சுல்தான் என்ற பெயரைக் கேட்டு முதல்முறை நானும் ஏதோ நவாப் கதை என்று நினைத்தேன். இந்த மண்ணின் பழங்குடித் தலைவர் ஒருவருடைய பெயர் வெள்ளைக்காரர் வாயில் பட்டு இப்படியானதாம்.

உடுப்பைப் பற்றிச் சொல்லாமல் போனால் இந்தக் கட்டுரை எழுதியே பயனில்லை. நெஞ்சுவரை வரும் நீர்புகாக் கால்சட்டைக்கு வேடர்ஸ் என்று பெயர். ‘வேடர்ஸ் வாங்கியிருக்கிறேன்’ என்று ஃபோனில் சொன்னபோது, வேட்டைக்கும் போகத் தொடங்கிவிட்டான் போல என்று அம்மா பயந்துவிட்டார். உள்ளே பருத்தித் துணி ஒரு நூல்கூடக் கூடாது. நனைந்த பருத்தி உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். கம்பளி நனைந்தாலும் ஓரளவு காக்கும். காலுக்கு ஒரே ஒரு தடித்த கம்பளிச் சாக்ஸ் போதும். நான் குளிருக்குப் பயந்து மூன்று போட்டு, பூட்ஸ் இறுகி, ரத்த ஓட்டம் நின்று, மூன்று குளிர்காலமும் கால் விறைத்து நின்றவன். அண்ணாச்சி பார்த்ததும் கேட்டது: “என்னலே, காலுக்குக் கட்டுப் போட்டிருக்கியா?” இரண்டைக் கழற்றவைத்தார். அன்றுதான் முதல்முறையாகக் கால் விரல்கள் என்னோடு இருந்தன.

முதலில் ரெய்ட்டர் குளங்களுக்குப் போனோம். கோல்ட் பார் தாண்டியதும் வரும் ஹேச்சரி அது. ஹேச்சரி மீன் தான் வளர்ந்த தண்ணீரின் மணம் தேடி அந்த வாசலுக்கே வரும். மீன் கூடுகிற இடத்தில் ஆளும் கூடும். எட்டு மணிக்கு வெளுக்கும்போதே பாறைக்கு ஓர் ஆள் நின்றுகொண்டிருந்தார். அங்கே ஒழுங்கு ஒன்று உண்டு. மேலே நிற்பவர் எறிந்து, அவர் தக்கை மிதந்து கீழே போனபின் நாம் எறியவேண்டும். எல்லாத் தக்கையும் ஒரே வேகத்தில், தேர் வடம் பிடித்தவர்கள் மாதிரி நகரவேண்டும். ஒருவர் அவசரப்பட்டால் ஐந்து பேர் தங்கூசி, அதாவது தூண்டில் நூல், சிக்கிக்கொள்ளும். நடுவில் புகுவதானால் பக்கத்தில் நிற்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். கேட்டால் பெரும்பாலும் இடம் விடுவார்கள். கேட்காமல் புகுந்த ஒருவருக்கு அன்று கிடைத்த மரியாதையை இங்கே எழுத முடியாது.

ஒன்றரை மணி நேரத்தில் எங்களுக்கு இடப்பக்கம் ஒருவருக்கு ஒரு மீன். வேறு யாருக்கும் கடிகூட இல்லை. அண்ணாச்சி கோலை மடக்கினார். “இது சந்தைக்கடை. கத்துக்க இது இடமில்ல. வா, ஆத்தைக் காட்டுதேன்.”

காரை எடுத்துக்கொண்டு நாலைந்து மைல் கீழே வந்து, அல்டர் மரங்களுக்கு நடுவே நடந்து, ஒரு நீண்ட வளைவில் இறங்கினோம். கரையெல்லாம் நவம்பரில் வந்து செத்த சம் சால்மனின் எலும்பும் தோலும். எதிர்க்கரை மரத்தில் வெண்தலைக் கழுகு இரண்டு. மேலே இண்டெக்ஸ் மலையின் பனிமுகட்டில் மட்டும் வெயில் பட்டிருந்தது. வளைவின் தலையில் வெள்ளை நுரை பறக்கும் வேக ஓட்டம். நடுவில் கரும்பச்சை ஆழம். பிறகு ஆழம் மெல்லக் குறைந்து பரந்து, கடைசியில் கல்மேட்டில் சலசலத்து அடுத்த வளைவுக்கு இறங்குகிறது.

“எங்க போடுவே?” என்றார்.

நான் நுரையடிக்கும் தலைப்பக்கத்தைக் காட்டினேன். சினிமாவில் எல்லாரும் அங்கேதானே எறிகிறார்கள்.

“கோடையில சரி. இப்பத் தண்ணி 4 டிகிரி. மீனுக்குச் சொந்தமாச் சூடு கிடையாது, தண்ணிச் சூடுதான் அதுக்கும். இந்தக் குளிர்ல அது அந்த வேகத்துல நின்னு மல்லுக்கட்டுமா? எங்க வேகமா ஓடுதுன்னு பாக்காத. எங்க சும்மா நிக்கலாம்னு பாரு.”

பிறகு அவர் செய்ததைத்தான் நான் இன்றும் ஒவ்வொரு புது இடத்திலும் செய்கிறேன். கையளவு குச்சி ஒன்றை எடுத்துத் தண்ணீரில் போட்டார். “அதோட நட” என்றார். கரையோரம் அதன் கூடவே நடந்தேன். வளைவின் தலையில் ஓடவேண்டியிருந்தது. நடு ஆழத்தின் உள்பக்கத்தில் குச்சி சுற்றிச் சுற்றி நின்றுவிட்டது. வால்பக்கம், ஆழம் குறையத் தொடங்கும் இடத்தில், இயல்பாக நடக்க முடிந்தது. “கோயில் பிரகாரம் சுத்துற வேகத்துல போவுதா? அங்க நில்லு.”

ஊரில் ஆற்றின் ஆழமான மடுவைக் கசம் என்போம். கசம் முடிந்து தரை மேடேறும் இந்த இடத்தை நான் மூன்று வருஷமாகக் கடந்துதான் நடந்திருக்கிறேன், பார்க்க ஒன்றுமில்லாத தண்ணீர் என்பதால். காரணம் எளிது. கீழேயிருந்து வரும் மீன் கல்மேட்டுச் சலசலப்பில் போராடி ஏறுகிறது. ஏறியதும் முதலில் கிடைக்கும் அமைதியான ஆழம் இதுதான். மலைக்கோயில் படியேறி முடித்ததும் முதல் மண்டபத்தில் உட்கார்வதில்லையா, அதேதான். இடுப்பளவிலிருந்து ஆளுயரம்வரை ஆழம், மேலிருந்து கழுகுக்குத் தெரியாத பச்சை, நடக்கிற வேகம், அடியில் தலையணை அளவுக் கற்கள். இந்த நாலும் சேர்ந்த இடம் ஒரு வளைவில் பத்திருபது அடி நீளம்தான் இருக்கும். மற்றதெல்லாம் வெறும் ஆறு.

கரைப்பக்க மெதுவான தண்ணீரும் நடு ஆற்றின் வேகமான தண்ணீரும் உரசிக்கொண்டு போகும் கோடு ஒன்று நுரைப் புள்ளிகளாகத் தெரியும். அந்தக் கோட்டிலிருந்து ஓரடி இந்தப் பக்கம் தக்கை போகவேண்டும் என்றார். மேற்பரப்பைவிடத் தரையோரம் தண்ணீர் மெதுவாக ஓடும். தக்கையை மேலேயுள்ள நுரையோடு விட்டுவிட்டால் கீழே இரை இயல்பைவிட வேகமாக இழுபடும். குளிர்ந்த மீன் அதைத் துரத்தாது. அதனால் தங்கூசியைத் தண்ணீரில் கிடக்கவிடாமல் கோலை உயர்த்தி, தக்கையை ஒரு நூலளவு பிடித்துப் பிடித்து விடவேண்டும். நுரை முந்திப் போகட்டும், தக்கை பின்னால் வரட்டும். தக்கை நிமிர்ந்து நின்றால் சரி, படுத்துக்கொண்டால் ஈயம் தரையில் கிடக்கிறது என்று அர்த்தம், அரையடி ஏற்றுங்கள். இரை தரைக்கு ஒரு முழம் மேலே தொங்கவேண்டும். மீன் தலைக்கு மேலே வருவதைப் பார்க்கும், வயிற்றுக்குக் கீழே போவதைப் பார்க்காது.

நாங்கள் போட்டது மீன் சினை அல்ல, இளஞ்சிவப்பு இறகு கட்டிய கால் அவுன்ஸ் ஜிக், ஈயத்தலை வைத்த முள். இரைக்கு அனுமதி இருக்கும் இடத்திலும் அண்ணாச்சி சினை போடுவதில்லை. “சினையைத் தொண்டைவரைக்கும் முழுங்கிரும். விடவேண்டிய மீனு முழுங்கிருச்சுன்னா அப்புறம் என்னத்த விடுறது?”

இந்தச் சொற்பொழிவுக்குப் பிறகு நான் செய்த காரியம்: அந்தக் கோட்டை இன்னும் நேராகப் பிடிக்கலாம் என்று ஓரடி முன்னே வைத்தேன். பாசி படிந்த உருண்டைக் கல். அவ்வளவுதான். உட்கார்ந்த நிலையில் நெஞ்சுவரை ஆற்றில். மூச்சு உள்ளே போனது, வெளியே வரவில்லை. கத்தக்கூட முடியவில்லை. சட்டைக்கை வழியாகவும் கழுத்து வழியாகவும் பனியாறு உள்ளே இறங்கியது. முட்டிக்கால் போட்டு எழுந்தபோது அண்ணாச்சியின் ஊன்றுகோல் என் முன்னால் நீண்டிருந்தது.

குளிர்ந்த நீரில் விழுந்தால் ஒரு நிமிடம், பத்து நிமிடம், ஒரு மணி நேரம் என்று ஒரு கணக்கைப் படித்திருந்தேன். மனிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் பரப்பியது. முதல் ஒரு நிமிடம் மூச்சை அடக்கி ஆளவேண்டும். அடுத்த பத்து நிமிடம்தான் கைகால் சொன்னபடி கேட்கும். நினைவு தப்ப ஒரு மணி நேரம் ஆகலாம். படித்திருந்ததால் பதறாமல் இருந்தேன் என்று சொன்னால் பொய். ஆனால் மூச்சு திரும்பியதும் ‘பத்து நிமிடம்’ என்பது மட்டும் மண்டையில் ஓடியது. என்னைக் காப்பாற்றியது இரண்டு. ஒன்று, வேடர்ஸுக்கு மேலே இறுக்கிக் கட்டிய பெல்ட். அது இல்லாவிட்டால் இரண்டு காலும் தண்ணீர்க் குடமாகியிருக்கும். இரண்டு, உள்ளே இருந்த கம்பளி. மூன்றாவதாக ஒன்று இருந்திருக்க வேண்டும், என்னிடம் இல்லை. அது காரில் ஒரு செட் மாற்றுத்துணி. அண்ணாச்சியின் டிக்கியில் இருந்தது. அவர் உயரத்துக்குத் தைத்த கால்சட்டை எனக்குக் கணுக்காலுக்கு நாலு விரல் மேலே நின்றது.

ஹீட்டரைப் போட்டு உட்கார்ந்து, ஃபிளாஸ்கிலிருந்த சுக்குக்காப்பியைக் குடிக்கும்போது பல் டம்ளரில் தாளம் போட்டது. அண்ணாச்சி திட்டவில்லை. “ஓரடி முன்ன போனா மீனு ரெண்டடி பின்ன போவும். உன் காலடியிலதான் அது நின்னுக்கிட்டு இருந்திருக்கும்” என்றார். பிறகு அதையும் விளக்கினார். வெள்ளம் வடியும் நாட்களில் மீன் கரையிலிருந்து இரண்டு கோல் தூரத்துக்குள்தான் நிற்கும். முதல் பத்து எறியை முழங்கால் தண்ணீரில் நின்றே எறியவேண்டும். முதலில் கிட்டே, பிறகு கொஞ்சம் தள்ளி, பிறகு இன்னும் தள்ளி. முடிந்ததும் இரண்டடி கீழே நகர்ந்து மறுபடி முதலிலிருந்து. நான் எப்போதும் வந்ததும் இடுப்புவரை இறங்கி எதிர்க்கரையைப் பார்த்து வீசுகிறவன்.

காரில் இருந்த நேரத்தில் முடிச்சையும் பரிசோதித்தார். போன குளிர்காலம் எனக்குக் கிடைத்த ஒரே கடியும் அறுந்துபோயிருந்தது. ‘தங்கூசி மட்டம்’ என்று கடையைத் திட்டிக்கொண்டிருந்தேன். அறுந்த முனை எப்படி இருந்தது என்று கேட்டார். பன்றிவால் மாதிரி சுருண்டிருந்தது என்றேன். “அப்ப அறுகலலே, முடிச்சு உருவிருக்கு.” குளிரில் விறைத்த விரலால் அவசரமாகப் போட்டு, எச்சில் தொடாமல் இழுத்திருக்கிறேன். நனைக்காமல் இழுத்தால் உரசிச் சூடாகி அந்த இடம் பலவீனமாகும். அன்று முதல் நான் முடிச்சுகளை வெள்ளி இரவே வீட்டில் போட்டு, ஏழெட்டுத் துண்டுகளைச் சுருட்டி எடுத்துப்போகிறேன். கரையில் ஒரே ஒரு முடிச்சுதான் போடவேண்டியிருக்கும். அதையும் கைச்சூட்டுப் பையைப் பிடித்து விரல் உயிர் வந்த பிறகுதான் போடுவேன்.

பன்னிரண்டரைக்கு மறுபடி இறங்கினோம். கரைப்பாறையில் ஒரு சாம்பல் நிறக் குருவி முழங்காலை மடக்கி மடக்கி உட்கார்ந்து எழுந்து, சட்டென்று தண்ணீருக்குள் நடந்து போய் வேறிடத்தில் எழும். டிப்பர் என்பார்கள். இந்தக் குளிரிலும் பாடுகிறது. எனக்கு அதன்மேல் கொஞ்சம் பொறாமை.

இரண்டு மணி இருக்கும். கல்மேட்டுக்கு முன்னால் கடைசிப் பத்தடி. இதற்கு மேல் தக்கை போனால் சலசலப்பில் விழுந்துவிடும் என்ற இடம். தக்கை மெதுவாக, ஒரு பெருமூச்சு மாதிரி, உள்ளே போனது. கல்லில் மாட்டிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

“தூக்குலே!”

தூக்கினேன். கல் நகர்ந்தது. குளிர்காலத்தில் இது எல்லா முறையும் துள்ளிக் குதிக்காது. கனத்த தலையை இப்படியும் அப்படியும் ஆட்டியது, கோல் முனை வழியாகத் தோள்வரை வந்தது அந்த ஆட்டம். பிறகு ஆற்றின் நடுவுக்கு ஒரே இழுப்பு. ரீல் கத்தியது. என் வாய் உலர்ந்துவிட்டது. “கோலை மேல தூக்காத, பக்கத்துல சாய். தலையைக் கரைப்பக்கம் திருப்பு. சலசலப்புல இறங்க விடாத” என்று அவர் என் பின்னாலேயே நடந்தார். கல்மேட்டின் விளிம்புவரை போய், ஒரு கணம் அங்கேயே நின்று, என்ன நினைத்ததோ, திரும்பி மேலே ஏறியது. ஏழெட்டு நிமிடம்தான் இருக்கும். எனக்கு ஒரு ஷிஃப்ட் வேலை பார்த்த களைப்பு.

ரப்பர் வலையை நீட்டி அண்ணாச்சி அதைத் தண்ணீரிலேயே ஏந்தினார். முப்பது அங்குலம் இருக்கலாம். முதுகு துப்பாக்கி இரும்பின் நிறம், பக்கவாட்டில் புது எவர்சில்வர். கன்னத்தில் லேசாக ரோஜா. இருவரும் ஒரே நேரத்தில் பார்த்த இடம் ஒன்றுதான். வாலுக்கு முன்னால், அந்தச் சின்னத் துடுப்பு தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தது.

காட்டு மீன். மார்ச், ஏப்ரலில்தான் இவை அதிகம் ஏறும். ஒன்றிரண்டு முன்கூட்டி வந்துவிடும். விடவேண்டிய ஸ்டீல்ஹெட்டைத் தண்ணீரிலிருந்து முழுதாக வெளியே தூக்குவதே இங்கே சட்டப்படி குற்றம். அதனால் நெஞ்சோடு அணைத்த ஃபோட்டோ எல்லாம் கிடையாது. உறைபனிக் குளிரில் வெளியே தூக்கினால் செவுளும் கண்ணும் உறைந்து கெட்டுவிடலாம். கையுறையைக் கழற்றி, கையை நனைத்து, வால் அடியை மட்டும் பிடித்தேன். எதிர்முள் இல்லாத தூண்டில் என்பதால் இடுக்கியால் ஒரே திருப்பில் வந்துவிட்டது. மெதுவான தண்ணீரில் தலையை நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்துக்கொண்டிருந்தேன். முன்னும் பின்னும் ஆட்டிவிடுவது ஒரு பழைய பழக்கம், வேண்டாம், சும்மா பிடி என்றார் அண்ணாச்சி. ஓட்டமே செவுளுக்குத் தண்ணீர் கொடுக்கும். கொஞ்ச நேரத்தில் வால் என் கைக்குள் தடித்தது. ஓர் உதறல். என் முகத்தில் தண்ணீர், கையில் ஒன்றுமில்லை.

விரல்கள் வலியில் எரிந்தன. அதைக் கூடச் சொல்லவேண்டும், மீனைத் தொட்ட கை ஐந்து நிமிடத்தில் பயனற்றதாகிவிடும். துண்டு ஒன்றைச் சட்டைப்பையில் உலர்வாக வைத்திருங்கள்.

பிடித்த மீனைக் குறித்துவைக்கும் அட்டை என்று ஒன்று எங்கள் பையில் உண்டு. வைத்துக்கொண்ட ஸ்டீல்ஹெட்டை அங்கேயே, அப்போதே, பேனாவால் எழுதிவிட வேண்டும். ஒன்றும் பிடிக்காவிட்டாலும் ஏப்ரல் 30-க்குள் அந்தக் கணக்கைத் துறைக்குத் தெரிவிக்கவேண்டும். விட்ட மீனுக்கு அதில் கட்டமில்லை. நான் வீட்டு நோட்டில்தான் எழுதினேன்: 3,200, இறங்குமுகம், பாசிப் பச்சை, வால்பக்கம், கரையிலிருந்து பதினைந்தடி.

அண்ணாச்சிக்கு அன்று கடியே இல்லை. அதைப் பற்றி அவர் பேசவுமில்லை, காரில் தயிர்சாதப் பொட்டலத்தைப் பிரித்தபோது ஹேச்சரி மீன் சமைப்பதைப் பற்றித்தான் பேசினார். புளிக்குழம்பில் போட்டால் கரைந்துவிடும், கொழுப்பு அதிகம், மிளகும் உப்பும் தடவித் தோலோடு வாட்டவேண்டும் என்பது அவர் கட்சி. தூத்துக்குடிக்காரர் ஒருவர் குழம்பு வேண்டாம் என்று சொல்லிக் கேட்டது எனக்கு அன்றைய இரண்டாவது ஆச்சரியம்.

மன்ரோ வரும்போது மழை பிடித்தது. கண்ணாடியில் விழுந்த துளியில் காலையில் இருந்த கடுங்குளிர் இல்லை, பசிபிக் பக்கத்து வெதுவெதுப்பான மழை. மலையில் பனி உருகும் என்றார் அண்ணாச்சி. மறுநாள் காலை காப்பியோடு அளவுமானியைப் பார்த்தேன். 11,000, இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. நாங்கள் குச்சி போட்டு நடந்த கரை தண்ணீருக்குள் போயிருக்கும். நான் உட்கார்ந்த கல்லும்.